காலத்தை விலைகொடுத்து வாங்கிய போதகர் டி. ரி. நைல்ஸ்

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பிரதான வீதியில், பேராதனையைக் கடந்து கடுகண்ணாவைக்கு ஏறுமுன் வரும் சிறுநகரம் பிலிமத்தலாவை. வீதியோரத்துப் பித்தளைச் சாமான் கடைகளையும், ஓயாத வாகன நெரிசலையும் தவிர வேறெதுவும் பயணிகளின் கண்ணில் படுவதில்லை. ஆயினும், பிரதான வீதியை விட்டுச் சற்று விலகிச் சென்றால் 1344ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கடலாதெனிய விகாரை இருக்கிறது. கருங்கல்லில் திராவிடப் பாணியில் எழுந்த அந்தப் பௌத்த ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி என்பதை அங்குள்ள கல்வெட்டே பதிவு செய்திருக்கிறது. சிங்கள மன்னனின் ஆதரவில், பௌத்த துறவி ஒருவரின் முயற்சியில், தென்னிந்தியச் சிற்பியின் உளி வேலை செய்த இடம் அது.

அதே பிலிமத்தலாவையில், நந்தன உயன எனப்படும் வளவில், 1963ஆம் ஆண்டு முதல் இலங்கை இறையியல் கல்லூரி இயங்கி வருகிறது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த திருச்சபைகள் தத்தமது எதிர்காலப் போதகர்களை ஒரே கூரையின் கீழ், சிங்களத்திலும் தமிழிலும் பயிற்றுவிக்க வேண்டுமென முடிவு செய்து தொடங்கிய கல்லூரி அது. நாம் பேராதனையில் கலைப்பீட மாணவராக இருந்த நாட்களில் பஸ் வண்டியில் பலமுறை அந்த இடத்தைக் கடந்து சென்றிருக்கிறோம். அதன் பின்னால் ஒரு தலைமுறையின் உழைப்பு இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள எமக்கு நெடுங்காலம் பிடித்தது.

அந்தத் தலைமுறையின் முதன்மையான பெயர் வண. தானியேல் தம்பிராஜா நைல்ஸ். டி. ரி. நைல்ஸ் என்றால் ஒரு காலத்தில் ஜெனிவாவிலும் நியூயோர்க்கிலும் டோக்கியோவிலும் அறியாத கிறிஸ்தவத் தலைவர் இல்லை. இன்று யாழ்ப்பாணத்திலேயே அவரை அறிந்த இளைஞரைத் தேட வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 17ஆம் திகதி அவருடைய நினைவு நாள் வந்து போகிறது. அரசியல்வாதிகளின் பிறந்தநாட்களைத் தவறாது நினைவில் வைத்திருக்கும் எம்மைப் போன்ற பத்திரிகைகளுக்கும் அந்த நாள் பெரும்பாலும் மறந்தே போய்விடுகிறது.

அவருடைய வாழ்வை இங்கு எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. காலத்தை எவ்வாறு செலவிடுவது என்பது பற்றிக் கிறிஸ்தவ மேடைகளில் கேட்கும் அறிவுரைகள் பெரும்பாலும் கடிகாரத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அதிகாலையில் எழுதல், அட்டவணை போடுதல், வீண்பேச்சைத் தவிர்த்தல் ஆகியன நல்ல பழக்கங்கள்தாம். ஆனால், எபேசு நகரத் திருச்சபைக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அப்போஸ்தலர் காலத்தைப் பற்றிச் சொல்லுமிடத்தில் பயன்படுத்திய கிரேக்க வினைச்சொல் சந்தையிலிருந்து வந்தது. விலைகொடுத்து வாங்குதல், மீட்டெடுத்தல் என்பதே அதன் பொருள். காலம் என்பதற்கு அவர் அங்கு எழுதிய சொல்லும் நாழிகைக் கணக்கைக் குறிப்பதன்று. உரிய தருணத்தை, பருவத்தைக் குறிப்பது. உழவனுக்குப் புரியும் சொல் அது. திருக்குறளில் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே இருப்பதால் தமிழருக்கும் அது புதிதல்ல. எந்தத் தருணத்தை என்ன விலை கொடுத்து வாங்குவது என்ற கேள்வியோடு நைல்ஸின் வாழ்வை அணுகினால்தான் அதன் வெற்றியும் தோல்வியும் புலப்படும். தோல்வியும் அதில் இருந்தது.

1908ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, தெல்லிப்பழையில் பிறந்தார் நைல்ஸ். அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் தமது பணியைத் தொடங்கிய ஊர் அது. அந்த மிசனின் ஆரம்பகாலத்திலேயே கிறிஸ்தவத்தைத் தழுவிய குடும்பத்தில் நான்காவது தலைமுறையாக வந்தவர் அவர். பாட்டனார் மெதடிஸ்த போதகர், கவிஞரும் கூட. தந்தையார் சட்டத்துறையைச் சேர்ந்தவர். அக்கால யாழ்ப்பாணத்தில் அறிவும் நாவன்மையும் உடைய இளைஞனுக்கு நீதிமன்றமும் அரச உத்தியோகமும் கதவு திறந்து காத்திருந்தன. நைல்ஸ் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக்குச் சென்றார். 1929 முதல் 1933 வரை அங்கு கற்று, 1936இல் மெதடிஸ்த திருச்சபையின் குருவாக அபிஷேகம் பெற்றார்.

இலங்கையின் புரட்டஸ்தாந்து போதகர்கள் தரமான இறையியல் கல்வி பெற வேண்டுமானால் பெங்களூர், செராம்பூர், கல்கத்தா என்று கடல் கடந்துதான் செல்ல வேண்டும் என்ற நிலை அக்காலத்தில் பெரிதும் நிலவியது. கற்பது ஆங்கிலத்தில், திரும்பி வந்து பிரசங்கிப்பது தமிழிலோ சிங்களத்திலோ. இந்த இடைவெளியைத் தம் சொந்த அனுபவத்தில் உணர்ந்த தலைமுறைதான் பின்னாளில் பிலிமத்தலாவைக் கல்லூரியைக் கண்டது.

1935ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாக நைல்ஸே பின்னர் நினைவுகூர்ந்த ஒரு சந்திப்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரும் புரட்டஸ்தாந்து இறையியல் அறிஞர் என மதிக்கப்பட்ட சுவிட்சர்லாந்தின் கார்ல் பார்த் அவர்களை அவர் சந்தித்தார். ஏனைய மதங்கள் யாவும் அவிசுவாசமே என்று பார்த் உரையாடலிடையே கருத்துத் தெரிவித்தார். தாங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று இருபத்தேழு வயது யாழ்ப்பாண இளைஞர் வினவினார். ஒருவரையும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் இந்து சமயம் அவிசுவாசம் என்பதை எவ்வாறு அறிந்தீர்கள் என்று மீண்டும் கேட்டபோது, அனுபவத்துக்கு முன்னரே தெளிவான முடிபு அது என்ற கருத்தில் பார்த் விடை கூறினார். நைல்ஸ் தலையை அசைத்துப் புன்னகைத்ததோடு அந்த உரையாடல் முடிந்தது.

சைவக் கோயில் மணியோசை கேட்டு எழும் கிராமத்தில் வளர்ந்தவருக்கு அந்தப் பதில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால், பார்த்தைத் தூக்கியெறிந்துவிடவில்லை நைல்ஸ். அவரிடமிருந்து தாம் கற்க வேண்டியதைக் கற்றார். கிறிஸ்துவே மையம் என்ற உறுதியில் அவர் ஒருபோதும் தளர்ந்ததில்லை. அதேவேளை, போதகன் போய்ச் சேருமுன்னரே கிறிஸ்து அந்த இடத்தில் செயற்பட்டுக்கொண்டிருக்கிறார் என்ற கருத்தை அவர் வளர்த்தெடுத்தார். ஆகவே பிற சமயத்தவரோடு செலவிடும் நேரம் வலைவீசும் நேரமாக மட்டும் இருக்க முடியாது. கேட்கும் நேரமாகவும் இருக்க வேண்டும். இரு யாசகர்களைப் பற்றிய ஓர் உவமை அவர் பெயரோடு சேர்ந்து இன்றுவரை உலகெங்கும் சுற்றி வருகிறது. போதகன் அன்னசத்திரத்தின் உரிமையாளன் அல்லன், அவனும் பசியோடு வந்தவனே என்பதுதான் அதன் சாரம். பௌத்தர்களை மனத்தில் வைத்து 1946இல் அவர் நூலொன்றை எழுதினார். தமது நாட்டின் பெரும்பான்மையினர் எந்தச் சொற்களால் சிந்திக்கிறார்களோ அந்தச் சொற்களைக் கற்காமல் அவர்களோடு பேசுவதில் பொருளில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் இதற்காக நேரம் ஒதுக்கினார் என்பது இன்று நினைக்கும்போது சாதாரண விடயமாகத் தோன்றவில்லை.

1938ஆம் ஆண்டு டிசெம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் சர்வதேச மிசனரி மன்றத்தின் மாநாடு கூடியது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி அப்போதுதான் தாம்பரத்தின் புதிய வளாகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அங்கு வந்த பிரதிநிதிகளில் மிக இளையவர்களுள் ஒருவர் நைல்ஸ். மறுவருடமே உலக வை.எம்.சி.ஏ. அமைப்பின் நற்செய்திப் பணிச் செயலாளராக ஜெனிவாவுக்குச் சென்றார். போர் மூண்டது. 1940இல் நாடு திரும்பினார்.

இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். முப்பத்திரண்டு வயதில், ஐரோப்பாவின் கிறிஸ்தவ நிறுவனங்கள் அனைத்திலும் அறிமுகம் பெற்றுவிட்ட ஒருவர், போருக்குப் பின்னர் மீண்டும் அங்கு சென்று குடியேறியிருக்கலாம். அழைப்புகளுக்குக் குறைவிருக்கவில்லை. அவரோ இலங்கையைத் தமது நிரந்தர இருப்பிடமாக வைத்துக்கொண்டே உலகப் பொறுப்புகளை ஏற்றார். 1941 முதல் 1945 வரை இலங்கைக் கிறிஸ்தவ மன்றத்தின் முதலாவது பொதுச் செயலாளர். பின்னர் யாழ்ப்பாணம் சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின் போதகர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் அதிபர், வடபகுதி மெதடிஸ்த திருச்சபையின் தலைவர். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் நற்செய்திப் பணித் துறைக்கு 1953 முதல் 1959 வரை செயலாளராக இருந்த காலத்திலும் அவருக்கென்று ஊரில் ஒரு சபை இருந்தது. ஞாயிறு ஆராதனை, திருமணம், மரணச் சடங்கு, நோயாளர் வீடு என்ற வட்டத்தை அவர் அறுத்துக்கொள்ளவில்லை. பெயர் பெற்ற பிரசங்கி ஒருவர் தம்மை அன்றாடம் அறிந்த நூறு குடும்பங்களின் முன்னால் வாரந்தோறும் நிற்க ஒப்புவது சிறிய காரியமன்று.

எனினும், உண்மையையும் சொல்ல வேண்டும். அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளும் பல. வடக்கிலிருந்து புகையிரதத்தில் ஓர் இரவு கொழும்புக்கு, அங்கிருந்து கப்பலோ விமானமோ, பிறகு மாதக்கணக்கில் மேற்கு நாடுகள். ஓர் ஊர்ச் சபையும் ஒரு பெரிய பாடசாலையும் தலைவர் முழுநேரமும் அருகில் இருப்பதை எதிர்பார்ப்பது இயல்பே. சிறிய திருச்சபையொன்றின் மிகச் சிறந்த மூளையை உலக மாநாடுகள் இவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டது சரிதானா என்ற கேள்விக்கு எளிதான விடை எம்மிடம் இல்லை. இன்னுமொரு குறையும் உண்டு. அவர் எழுதிய நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1957இல் புகழ்பெற்ற லைமன் பீச்சர் சொற்பொழிவுகளை ஆற்றியவர் தெல்லிப்பழையில் பிறந்த தமிழர் என்பதில் நாம் பெருமைப்படலாம். ஆயின் அந்தச் சொற்பொழிவுகளைத் தமிழில் படித்தவர்கள் எத்தனை பேர்? ஆங்கிலத்தில் அவர் செலவிட்ட காலத்தின் ஒரு பகுதியையேனும் தமிழ் உரைநடைக்குத் தந்திருந்தால் ஈழத்துக் கிறிஸ்தவத் தமிழ் எவ்வளவு வளம் பெற்றிருக்கும் என்ற ஏக்கம் எமக்கு உண்டு.

1948ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி ஹொலந்தின் அம்ஸ்ரடாம் நகரில் உலகத் திருச்சபைகள் மன்றம் பிறந்தது. உலகப் போரின் இடிபாடுகள் ஐரோப்பாவெங்கும் கிடந்த காலம். நாற்பத்து நான்கு நாடுகளிலிருந்து 147 திருச்சபைகளின் பிரதிநிதிகள் கூடியிருந்த ஆரம்ப ஆராதனையில் இருவர் உரையாற்றினர். ஒருவர், தாம்பரம் மாநாட்டுக்குத் தலைமை வகித்த அமெரிக்கரான ஜோன் ஆர். மொட், அப்போது எண்பத்து மூன்று வயது. மற்றவர் நாற்பது வயதான நைல்ஸ். இலங்கை சுதந்திரம் பெற்று ஆறு மாதங்களே ஆகியிருந்தன. ஆளப்பட்டவர்களின் நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஆண்டவர்களின் திருச்சபைகளுக்குப் பிரசங்கித்தார் என்பதே அந்நாளின் செய்தியாக இருந்தது.

இந்தப் புகழைக் கொண்டு அவர் வாங்கியது என்ன என்பதையே கவனிக்க வேண்டும். ஆசியத் திருச்சபைகள் அக்காலத்தில் தமது அண்டை வீட்டாரை அறிந்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவருக்கு பொஸ்டன் தெரியும், லண்டன் தெரியும். பர்மாவையோ இந்தோனேசியாவையோ தெரியாது. மிசன் பணம் வந்த வழியே கடிதங்களும் சென்றன. இந்தக் குறையைத் தீர்க்க, 1957இல் சுமாத்திராத் தீவின் பிராப்பாட்டில் ஆசியத் திருச்சபைத் தலைவர்கள் கூடினார்கள். 1959இல் கோலாலம்பூரில் கிழக்காசிய கிறிஸ்தவ மாநாடு என்ற அமைப்பு முறைப்படி தொடங்கியது. அதன் பொதுச் செயலாளராக நைல்ஸ் 1968 வரை பணியாற்றினார். அவ்வமைப்பே 1973 முதல் ஆசிய கிறிஸ்தவ மாநாடு என வழங்குகிறது. அதன் பேரவைகளில் நைல்ஸ் நினைவுச் சொற்பொழிவு என ஒன்று நடத்தப்படுகிறது.

அந்த அமைப்புக்காக 1963இல் வெளிவந்த பாடல் தொகுப்பையும் அவரே தொகுத்தார். சுமார் 200 பாடல்களைக் கொண்ட அந்நூலில் ஆசிய மெட்டுகளுக்கு உரிய இடம் தரப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு அவர் தாமே சொற்களை எழுதியோ வேறு மொழிகளிலிருந்து தழுவியோ கொடுத்தார். ஜப்பானிய மெட்டும் தமிழ் மெட்டும் பிலிப்பைன்ஸ் மெட்டும் ஒரே நூலில் அமர்ந்தன. மாநாட்டு அறிக்கைகள் தூசி படிந்து கிடக்க, அப்பாடல்களிற் சில இன்றும் பல நாட்டுக் கீர்த்தனை நூல்களில் இடம்பெற்றுப் பாடப்படுகின்றன. நிருவாகப் பொறுப்புகளின் உச்சத்தில் இருந்த ஒருவர் மெட்டுக்குச் சொல் பொருத்துவதற்கு நேரம் கண்டார் என்பது, இன்றைய எமது திருச்சபைத் தலைவர்களின் நாட்குறிப்புகளைப் பார்த்துப் பழகிய எமக்கு வியப்பாகவே இருக்கிறது. கூட்டத்துக்கு மேல் கூட்டம், யூபிலிக்கு மேல் யூபிலி, அதற்கொரு சிறப்பு மலர், அம்மலருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி என்று அவை நிறைந்து வழிகின்றன.

ஆனால், அவர் தமது சிறந்த ஆண்டுகளை விலையாகக் கொடுத்தது வேறொன்றுக்கு. அது இலங்கைத் திருச்சபைகளின் ஐக்கியம்.

1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அமெரிக்க மிசனின் வழிவந்த யாழ்ப்பாணச் சபையும் அதில் இணைந்து, பேராயர் சபாபதி குலேந்திரனின் தலைமையில் ஓர் ஆதீனமாயிற்று. தெற்கே அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிட்டேரியன், பப்டிஸ்த திருச்சபைகள் தனித்தனியே இருந்தன. இவை அனைத்தும் ஒன்றாகி இலங்கைத் திருச்சபை என்ற ஒரே திருச்சபையாக வேண்டுமென்ற திட்டம் 1940களிலிருந்து பேசப்பட்டது. குருத்துவம், திருமுழுக்கு, பேராயர் பதவி என்று ஒவ்வொரு வாக்கியமும் பல வருடங்கள் விவாதிக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது சலிப்பூட்டும் வேலை. நைல்ஸ் அதில் ஊறிப்போனார். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர்கள் சனத்தொகையில் 1.4 சதவீதம் மட்டுமே. இந்தச் சிறு கூட்டம் ஐந்தாறு வேலிகளுக்குள் நின்றுகொண்டு அயலாருக்குச் சமாதானத்தைப் பிரசங்கிப்பது நகைப்புக்கிடமானது என்பதே அவருடைய வாதத்தின் அடிப்படை.

அதற்கு நாட்டின் நிலையும் காரணமாக அமைந்தது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1958இல் இனக்கலவரம் வெடித்தது. தமிழரும் சிங்களவரும் ஒரே பந்தியில் அமரும் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்த அந்த ஆண்டுகளில், இரு இனத்தாரையும் உறுப்பினராகக் கொண்ட அமைப்புகள் என்று எஞ்சியிருந்தவற்றில் திருச்சபைகள் முக்கியமானவை. ஐக்கியப் பேச்சு ஏட்டளவில் இருந்தபோதே, கையில் எடுக்கக்கூடிய ஒரு காரியத்தைத் திருச்சபைகள் செய்தன. 1963இல் பிலிமத்தலாவையில் இறையியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அது ஒரு தனிமனிதரின் சாதனையன்று; பல திருச்சபைகளின் பலரது உழைப்பு அதில் உண்டு. நைல்ஸை அதன் நிறுவுனர் என்று சொல்வது மிகையாகும். ஆனால் அவரும் அவரது தோழர்களும் இருபது ஆண்டுகளாகப் பேசிப் பேசிப் பண்படுத்திய நிலத்தில்தான் அந்த விதை விழுந்தது. பிரிந்த திருச்சபைகளின் மாணவர்கள் ஒன்றாகப் படித்தால், ஒரு தலைமுறை கழித்துத் திருச்சபைகளும் ஒன்றாகலாம் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. கண்டியச் சிங்களக் கிராமங்களுக்கும் மலையகத் தமிழரின் தோட்டங்களுக்கும் நடுவில் அமைந்த இடம் அதற்குப் பொருத்தமாகவே வாய்த்தது.

மறு ஆண்டு, 1964இல், இலங்கை மெதடிஸ்த திருச்சபை பிரித்தானியத் தாய்ச்சபையிலிருந்து சுயாதீனம் பெற்றது. 1968இல் அதன் தலைவராக நைல்ஸ் தெரிவானார்.

அந்த 1968ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மிகப் பாரமான ஆண்டு. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் நான்காவது பேரவை ஜூலை மாதம் சுவீடனின் உப்சாலா நகரில் கூடவிருந்தது. ஆரம்பப் பிரசங்கத்தை நிகழ்த்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் அழைக்கப்பட்டிருந்தார். ஏப்ரல் 4ஆம் திகதி மெம்பிஸ் நகரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். சரியாக மூன்று மாதங்கள் கழித்து, ஜூலை 4ஆம் திகதி, கிங் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நைல்ஸ் நின்றார். அவ்வாறு கொலையுண்ட ஒருவரின் இடத்தை நிரப்புவது எத்தகைய சுமை! புகழுக்காக ஏற்கும் மேடையன்று அது. அம்ஸ்ரடாமில் நாற்பது வயதில் பேசியவர் உப்சாலாவில் அறுபது வயதில் பேசினார். அதே பேரவை அவரை மன்றத்தின் தலைவர்களுள் ஒருவராகத் தெரிவு செய்தது. கிழக்காசிய கிறிஸ்தவ மாநாட்டின் தலைமையும் அவ்வாண்டே அவரிடம் வந்தது. உலகம், ஆசியா, இலங்கை என மூன்று பொறுப்புகளும் ஒருசேரத் தோளில் ஏறின. இரண்டு ஆண்டுகளே எஞ்சியிருந்தன என்பதை அப்போது எவரும் அறியார்.

புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்காக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1970ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி அங்கு காலமானார். வயது அறுபத்திரண்டு.

வேலூரில் அவர் இறந்ததில் ஒரு பழைய தொடர்ச்சி இருக்கிறது. அந்த மருத்துவமனையை நிறுவிய டொக்டர் ஐடா ஸ்கடரின் பாட்டனார் டொக்டர் ஜோன் ஸ்கடர். அமெரிக்க மிசனின் முதல் மருத்துவ மிசனரியாக 1819இல் இலங்கைக்கு வந்து, தெல்லிப்பழைக்கு அண்மையிலுள்ள பண்டத்தரிப்பில் நோயாளரைப் பராமரித்தவர் அவர். நைல்ஸின் முன்னோர் கிறிஸ்தவத்துக்கு வந்த அதே மிசன், அதே காலம். பண்டத்தரிப்பில் அந்த மருத்துவர் செலவிட்ட ஆண்டுகளின் பலன் எங்கு போய்ச் சேரும் என்பதை அவர் கண்டிருக்க முடியாது. பேத்தி வேலூரில் கட்டிய மருத்துவமனையில், நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, தெல்லிப்பழையின் நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவர் ஒருவருக்குக் கடைசிப் படுக்கை கிடைத்தது.

நைல்ஸ் மறைந்து நான்கு மாதங்களில், 1970 நவம்பர் 29ஆம் திகதி, வட இந்தியாவில் பல திருச்சபைகள் ஒன்றிணைந்து வட இந்தியத் திருச்சபையாயின. இலங்கையிலோ கதை வேறுவிதமாக முடிந்தது. 1972இல் தொடங்கப்பெறவிருந்த இலங்கைத் திருச்சபைத் திட்டத்துக்கு எதிராகச் சிலர் நீதிமன்றம் சென்றனர். கால் நூற்றாண்டுப் பேச்சுவார்த்தை வழக்கோடு நின்றது. பிறகு எவரும் அதை அதே வேகத்தோடு எடுத்து நடத்தவில்லை. பதினோரு ஆண்டுகளில் 1983 வந்தது. அதன் பின்னர் நாடு கண்டதை நாம் எழுத வேண்டியதில்லை.

அப்படியானால், அவர் கூட்ட அறைகளில் கழித்த அத்தனை ஆண்டுகளும் வீணா? கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் வீண் என்றுதான் எழுத வேண்டும். அந்த ஆண்டுகளில் அவர் இன்னும் ஐந்து நூல்கள் எழுதியிருக்கலாம். யாழ்ப்பாணத்துச் சபையோடு கூடுதலாக இருந்திருக்கலாம். உடலைப் பேணியிருக்கலாம். அவரை நேசித்தவர்களிலும் இப்படி நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். பலன் கிடைக்குமா என்று தெரியாத ஒன்றை, கிடைத்தே தீரவேண்டிய ஒன்று என்று கருதி, தமது நல்ல காலத்தை அதற்கு விலையாகக் கொடுத்தார் என்பது மட்டும் உண்மை. இழப்பு இல்லாத வாணிபமாக அவர் அதைக் கருதியிருந்தால் எப்போதோ விட்டுவிட்டிருப்பார்.

இன்றைக்கும் கண்டி நகரில் ஞாயிறு காலையில் மெதடிஸ்தர் ஒரு வீதியிலும் அங்கிலிக்கர் வேறொரு வீதியிலும் பப்டிஸ்தர் இன்னொரு வீதியிலும் தனித்தனியே ஆராதனைக்குச் செல்கின்றனர். அவர்களுடைய நாளைய போதகர்கள் மட்டும் பன்னிரண்டு கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில், பிலிமத்தலாவையின் அந்த வளவில், ஒருவர் மொழியை மற்றவர் தட்டுத்தடுமாறிப் பேசிப் பழகிக்கொண்டு ஒன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.